முள் குத்தினதற்கு ஒப்பரேசனா? நாணுக்குள்ளும் நாருக்குள்ளும் போகும் கிருமிகள்

ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு 61 வயது, சீனி வருத்தம் இருக்கிறது, இடம் கோப்பாய்ப் பக்கம். வேலி அடைக்கும்போது பனைமட்டைக் கருக்கு நடுவிரலின் உள்பக்கத்தில் குத்திவிட்டது. சின்னக் காயம்தானே என்று பேசாமல் இருந்து, பாமசியில் நாலு குளிசை வாங்கிப் போட்டிருக்கிறார். மூன்றாம் நாள் விரல் முழுக்க வீங்கி, மடங்கின மாதிரியே நின்றுவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனால், "நாண் உறைக்குள் கிருமி போய்விட்டது, இன்றைக்கே திறந்து கழுவ வேணும்" என்கிறார்கள். முள் குத்தினதற்கு ஒப்பரேசனா, மருந்தில் மாறாதா, நாண், நார், சவ்வு இதுகளுக்குள்ளும் பற்றீரியா போகுமா, சுளுக்குக்குப் போடுகிற பத்துப் போட்டுப் பார்க்கலாமா என்பது கேள்வி.

தம்பி, சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். டொக்டர் காட்டுகிற இடத்தில் கையெழுத்து வையுங்கள். நாளைக்கு யோசிப்போம் என்று தள்ளிப்போடுகிற வருத்தம் இது இல்லை. அப்பாவை உள்ளே அனுப்பிவிட்டு மிச்சத்தை ஆறுதலாக வாசியுங்கள்.

நான் டொக்டர் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில், கிருமி வளர்த்துப் பார்க்கும் பகுதியில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். கத்தி பிடிக்கிற வேலை எனக்குத் தெரியாது. கத்தி பிடித்தவர் போத்தலில் போட்டு அனுப்புகிற சிதல் (சீழ்) என்ன கதை சொல்லும் என்பது ஓரளவு தெரியும்.

கையை விரித்து விரலின் உள்பக்கத்தைப் பாருங்கள். விரலை மடக்குகிற பெரிய தசைகள் விரலில் இல்லை, முழங்கைக்குக் கீழே இருக்கின்றன. அங்கேயிருந்து புறப்படும் நாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல் நுனிப் பக்கம் வரை வருகின்றன. சைக்கிள் பிரேக் கேபிள் அதன் உறைக்குள் ஓடுகிற மாதிரி, விரலுக்குள் இந்த நாணும் ஓர் உறைக்குள்தான் ஓடுகிறது. உறைக்குள் வழுவழுப்பான நீர் கொஞ்சம் இருக்கும். விரலை மடக்கும்போது நாண் எலும்பை விட்டு எழும்பாமல் இருக்க, மேலே வளையம் வளையமாக நார்கள் பிடித்துக்கொண்டிருக்கும். விரலில் மடிப்புக் கோடுகள் இருக்கின்றனவே, அந்த இடத்தில் தோலுக்கும் உறைக்கும் நடுவில் கொழுப்பு அநேகமாக இல்லை. கருக்கு அந்தக் கோட்டில் ஏறினால் வெளியில் தெரிவது ஒரு சொட்டு இரத்தம். முள் நுனி அதற்குள் உறையைத் துளைத்துவிட்டு வந்திருக்கும். தோலில் குடியிருந்த கிருமியும் மட்டையில் இருந்த ஊத்தையும் அதோடு உள்ளே போயிருக்கும்.

நாண் வெள்ளையாக இருப்பதற்குக் காரணமே அதில் இரத்தக் குழாய் குறைவு என்பதுதான். எலும்போடு எலும்பைக் கட்டுகிற நார்களும் இதே சாதி. கொலாஜன் என்ற புரதக் கயிறுகள் நெருக்கமாக முறுக்கிக் கிடக்கும், நடுவில் உயிருள்ள கலங்கள் அங்கொன்றும் இங்கொன்றும். பாரம் தாங்குவதற்கு இப்படி இருப்பது நல்லது. கிருமி வந்தால் இதுவே பிரச்சினை. கிருமியோடு சண்டை பிடிக்கும் வெள்ளைக் கலங்கள் இரத்தத்தில்தான் வரும். விழுங்கின குளிசையும் இரத்தத்தில் கலந்துதான் போகும். இரத்தம் குறைவாகப் போகிற இடத்துக்கு இரண்டுமே குறைவாகத்தான் போய்ச் சேரும். போதாததற்கு, மூடின உறைக்குள் சிதல் சேரச் சேர அழுத்தம் ஏறும். நாணுக்கு இருக்கிற கொஞ்சநஞ்சக் குழாய்களும் அதில் நசிந்து மூடும். பிறகு நாண் செத்துப்போகும். செத்த நாண் திரும்ப முளைக்காது. "மருந்தில் மாறாதா" என்ற கேள்விக்கு உள்ள உண்மையான பதில் இதுதான்: மருந்து நல்ல மருந்துதான், ஆனால் போய்ச் சேர வழி வேணும். திறந்து கழுவினால்தான் அந்த வழி கிடைக்கும்.

இந்த வருத்தத்தை எக்ஸ்ரே இல்லாமலே பிடிக்கலாம். சிக்காகோவில் இருந்த அலன் கனவெல் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், அன்ரிபயோட்டிக் என்ற ஒன்றே இல்லாத காலத்தில், 1912இல் கைக்கிருமிகள் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அவர் பெயரில் வழங்கும் நாலு அடையாளங்களை இன்றைக்கும் மருத்துவ மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். விரல் கொஞ்சம் மடங்கின நிலையில் நிற்கும். ஒரு இடத்தில் மட்டும் கட்டி மாதிரி இல்லாமல் விரல் முழுக்க ஒரே சீராக வீங்கும். உள்பக்கத்தில் நாண் போகும் தடத்தில் தொட்டுக்கொண்டே வந்தால் தடம் முழுக்க நோகும். நாலாவதுதான் பெரிய அடையாளம்: நோயாளி விரலைத் தளர விட்டிருக்க, வேறொருவர் விரல் நுனியைப் பிடித்து மெல்ல நிமிர்த்தினால், உயிர் போகிற நோ வரும். உங்கள் அப்பாவுக்கு டொக்டர் விரல் நுனியைத் தொட்டதும் அவர் கையை இழுத்திருப்பார், நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

முதல் ஒரு நாளுக்குள் வந்துவிட்டால் சிலருக்கு நாளத்தில் மருந்து ஏற்றி, கையை உயர்த்திக் கட்டி, சில மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொண்டு ஒப்பரேசன் இல்லாமலே சமாளிக்கிறார்கள். மூன்றாம் நாள், அதுவும் சீனி வருத்தம் உள்ளவர் என்றால் அந்தப் பொறுமைக்கு இடமில்லை. ஒப்பரேசன் என்றதும் கையைக் கிழிப்பார்கள் என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் உறையின் இரண்டு தலைப்பிலும் சின்ன வெட்டு, ஒரு பக்கத்தால் மெல்லிய குழாய் விட்டு உப்புநீரால் மறுபக்கம் தெளியும் வரை கழுவுவது. சிதல் தடித்திருந்தால் அல்லது நாண் பழுதாகியிருந்தால்தான் பெரிதாகத் திறப்பார்கள். நடுவிரல் என்பதில் ஒரு சின்ன நிம்மதி உண்டு. பெருவிரல், சின்னவிரல் இரண்டின் உறைகளும் மணிக்கட்டு வரை போகிறவை, பலருக்கு அங்கே ஒன்றோடொன்று தொடுப்பும் உண்டு. சின்னவிரலில் குத்தின முள்ளுக்குப் பெருவிரல் வீங்கி வருகிற ஆட்கள் அதனால்தான். நடுவிரலின் உறை உள்ளங்கையோடு முடிந்துவிடும்.

இனி எனக்குத் தெரிந்த பக்கத்துக்கு வருகிறேன். பாமசியில் வாங்கிப் போட்ட அந்த நாலு குளிசை.

அது விரலை மாற்றியிருக்காது. ஆனால் கிருமியை அரைகுறையாக அடித்திருக்கும். பிறகு சிதலை எடுத்து எங்களுக்கு அனுப்பினால், தட்டில் தேய்த்து 37 பாகைச் சூட்டில் வைத்துவிட்டு அடுத்த நாள் காலை திறந்து பார்க்கும்போது தட்டு வெறுமையாக இருக்கக்கூடும். கிருமி உள்ளே உயிரோடு இருக்கிறது, தட்டில் வளரவில்லை. வளர்ந்தால்தான் எது என்று பெயர் சொல்லலாம், எந்த மருந்துக்குச் சாகும் என்று சின்னச் சின்ன மருந்து வட்டுகளை வைத்துப் பார்த்துச் சொல்லலாம். வளராவிட்டால் டொக்டர் ஊகத்தில் மருந்து கொடுக்க வேண்டியதுதான். ஆகவே என்ன குளிசை, எப்போது, எத்தனை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். குளிசை வந்த மட்டை இருந்தால் அதையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். பேசுவார்களோ என்று பயந்து "ஒன்றும் போடேல்லை" என்று சொல்கிற சனம் இங்கே அதிகம். அந்தப் பொய்யால் நட்டப்படுவது நோயாளிதான்.

சிதலோடு டொக்டர் அனுப்புகிற துண்டுச் சீட்டில் எழுதியிருக்கும் ஒரு வரி எங்களுக்குப் பெரிய விசயம். "விரல் சிதல்" என்று மட்டும் வந்தால் வழக்கமான தட்டுகளில் போடுவோம். பெரும்பாலும் அது சரிவரும், ஏனென்றால் இந்த மாதிரிக் காயங்களில் முதல் குற்றவாளி ஸ்டஃபிலோகொக்கஸ் ஓரியஸ். தோலிலும் மூக்கிலும் சும்மா இருக்கிற கிருமி. கொலாஜனைப் பிடித்து ஒட்டிக்கொள்ள இதில் சில வகைகளுக்குத் தனிப் புரதமே உண்டு. அடுத்தது ஸ்ட்ரெப்டோகொக்கஸ், இது இழையங்களை ஒட்டிவைத்திருக்கும் பசையைக் கரைக்கிற நொதியைச் சுரந்துகொண்டு பரவும். ஆனால் "மீன்பிடித் தொழில்", "வயலில் வேலை", "ஈச்சம் முள்" என்று ஒரு சொல் கூட எழுதியிருந்தால் நாங்கள் செய்கிற வேலையே மாறும்.

ஈச்சம் முள்ளையும் பனங்கருக்கையும் சொன்னதால் ஒரு விசயம். தாவர முள்ளின் துண்டு உடைந்து உள்ளே இருந்துவிட்டால் கிருமியே இல்லாமலும் மூட்டும் உறையும் மாதக்கணக்கில் வீங்கி நிற்கும். எக்ஸ்ரேயில் முள் தெரியாது, அல்ட்ராசவுண்டில் தெரியும். முள் வெளியே வந்தால்தான் வீக்கம் வற்றும். அப்பாவின் விரலில் குத்தின கருக்கு முழுசாக வெளியே வந்ததா, முனை முறிந்திருந்ததா என்று அவரிடம் கேட்டு டொக்டருக்குச் சொல்லுங்கள்.

சரி, நாருக்குள் பற்றீரியா போகுமா? நேரே நாரைத் தேடிப் போவது அபூர்வம். இரத்தம் குறைந்த இடம் என்பதால் இரத்தத்தில் மிதந்து வரும் கிருமியும் அங்கே அவ்வளவாகத் தங்காது. அது தங்குவது மூட்டின் உள்சவ்வில், அங்கேதான் குழாய்கள் நிறைய. மூட்டுக்குள் சிதல் கட்டினால் குருத்தெலும்பும் உள்ளே இருக்கும் நார்களும் அதில் ஊறி அழியும். ஒரு முழங்கால் திடீரென்று சிவந்து, சூடாகி, வீங்கி, காய்ச்சலும் காய்ந்து, காலை அசைக்க விடாமல் நின்றால், "வாதம்" என்று எண்ணெய் பூசாமல் அன்றைக்கே ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்க வேணும். அந்த நீரில் யூரிக் அமிலப் பளிங்குகள் தெரிந்தால் கவுட், சிதல் என்றால் கிருமி. இரண்டும் ஒன்றாகவும் இருக்கலாம். நுணுக்குக்காட்டியில் முதல் பார்வைக்குக் கிருமி தெரியவில்லை என்பதால் கிருமி இல்லை என்று ஆகாது. பல தடவை தட்டில் வளர்ந்த பிறகுதான் தெரியும். விளையாட்டில் முழங்கால் நார் அறுந்து புது நார் வைத்துக் கட்டினவர்களுக்கும் கிருமி பிடிப்பதுண்டு, நூறில் ஒருவருக்கும் குறைவாக.

இன்னொரு நாரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பற்றீரியாவால் உலகத்தில் ஆகக் கூடுதலாக அழிகிற நார் காலிலோ கையிலோ இல்லை, வாயில் இருக்கிறது. ஒவ்வொரு பல்லும் தாடை எலும்போடு நேரே ஒட்டியிருப்பதில்லை. நடுவில் ஏறக்குறைய கால் மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு நார்ப் படை பல்லைத் தொங்கப் போட்டு வைத்திருக்கிறது. முரசில் (பல் ஈறில்) ஊத்தை படிந்து, அதில் கிருமி குடியேறி, அந்தக் கிருமியோடு உடம்பு வருடக்கணக்கில் பிடிக்கிற சண்டையில் அந்த நார் கரைந்துபோகும். பல் ஆடுவது அதற்குப் பிறகு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் கடுமையான முரசு வருத்தம் உள்ளவர்கள் 100 கோடிக்கு மேல். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு இது மூன்று மடங்கு கூட. முரசில் இருக்கிற சிதல் சீனியையும் ஏற்றிவிடும். உங்கள் அப்பாவுக்குக் கை மாறின பிறகு பல் டொக்டரிடமும் ஒரு தடவை காட்டுங்கள் என்று சொல்வது தமாசுக்கு இல்லை.

நாண், நார், சவ்வு என்ற இந்தத் தொடுப்பிழையங்களில் வரும் வருத்தங்களுக்குள் நான் ஆகவும் பயப்படுகிறது ஒன்று. தோலுக்குக் கீழே கொழுப்பு, அதற்குக் கீழே தசையைச் சுற்றி ஒரு வெள்ளைப் போர்வைச் சவ்வு. அந்தச் சவ்வின் தளத்தோடு கிருமி பரவி அதைச் சாகடிக்கிற வருத்தம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் இராணுவ டொக்டராக இருந்த யோசப் யோன்ஸ் 1871இல் இதை விபரமாக எழுதினார். பீக்கிங்கில் வேலை செய்த மெலனி 1924இல் ஸ்ட்ரெப்டோகொக்கஸ்தான் காரணம் என்று காட்டினார். இன்றைக்கு வழங்கும் 'நெக்ரொடைசிங் பசியைட்டிஸ்' என்ற பெயர் 1952இல் வந்தது. பத்திரிகைக்காரர் "சதை தின்னும் கிருமி" என்று எழுதுவார்கள். தின்பது சதையை அல்ல, முதலில் சாவது சவ்வு. அதனால்தான் மேலே பார்க்கும்போது ஏமாற்றும்.

முதல் நாள் தோலில் சின்னச் சிவப்புத்தான் இருக்கும். ஆனால் நோயாளி நோ தாங்காமல் துடிப்பார். பார்க்கிற எல்லாருக்கும், "இந்தச் சின்னச் சிவப்புக்கா இவ்வளவு சத்தம்?" என்று தோன்றும். கண்ணுக்குத் தெரிகிறதை விட நோ பெரிதாக இருந்தால், கண்ணை நம்பாமல் நோவை நம்புங்கள். சிவப்பின் ஓரத்தில் பேனையால் கோடு போட்டு நேரம் எழுதி வையுங்கள். இரண்டு மணித்தியாலத்தில் சிவப்பு கோட்டைத் தாண்டினால் ஒரு நிமிடமும் வீட்டில் நிற்க வேண்டாம். பிறகு தோல் ஊதா நிறமாகி, கொப்புளம் போட்டு, அழுத்தினால் நொறுநொறு என்று காற்றுச் சத்தம் கேட்கலாம். அந்த நேரம் நோ குறைந்துவிடும். வீட்டுக்காரர் சுகம் வருகிறது என்று நினைப்பார்கள், உண்மையில் அந்த இடத்து நரம்பு செத்துவிட்டது. நல்ல சிகிச்சையிலும் ஏறக்குறைய நாலில் ஒருவர் தப்புவதில்லை. செத்த சவ்வை வெட்டி எடுப்பதுதான் மருத்துவம், அதுவும் ஒரு தடவையில் முடியாது, அடுத்த நாள் திரும்பத் திறந்து பார்ப்பார்கள். அன்ரிபயோட்டிக் துணைக்கு. அதில் கிளிண்டமைசின் சேர்ப்பது கிருமி நஞ்சு சுரப்பதை நிறுத்துவதற்கு. சீனி வருத்தக்காரர்கள், ஈரல் கெட்டவர்கள், நீண்டநாள் ஸ்டீரொயிட் எடுப்பவர்கள் இதில் முன்வரிசை. ஆனால் ஒரு வருத்தமும் இல்லாத இளந்தாரிகளுக்கும் வரும்.

குருநகர், பாசையூர், மாதகல், மயிலிட்டிப் பக்கம் இதை வாசிக்கிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது உண்டு. கடற்காயம் வேறு சாதி. கெளிறு முள், திருக்கை வால், இறால் கொம்பு, நண்டுக் கால், வலைக் கயிறு கிழித்த இடம், இதெல்லாம் உப்புத் தண்ணீரோடு சேர்ந்த காயம். இளஞ்சூட்டுக் கடலிலும் களப்பிலும் விப்ரியோ வல்னிபிக்கஸ் என்று ஒரு கிருமி உண்டு, கொலரா கிருமியின் சொந்தக்காரன். ஈரல் நல்லாக இருக்கிறவருக்கு அநேகமாகக் காயத்தோடு நின்றுவிடும். வருடக்கணக்கில் குடித்து ஈரல் கெட்டவருக்கு ஒரு நாளுக்குள் கால் முழுக்க இரத்தக் கொப்புளம் போட்டு உயிரைக் கொண்டுபோகும். கடலால் வந்து காய்ச்சலும் கொப்புளமும் என்றால் "கடல் காயம்" என்பதைச் சொல்லித்தான் அனுமதிக்க வேணும், அதற்குரிய மருந்து வேறு.

மீன் வெட்டுகிறவர்கள், கருவாடு போடுகிறவர்கள், வீட்டில் மீன் தொட்டி கழுவுகிறவர்கள் விரலில் மெல்ல மெல்ல ஒரு கழலை வந்து, மாதக்கணக்கில் மாறாமல், பிறகு நாண் தடத்தோடு வீங்கிக் கைக்கு மேலே ஏறினால் மைக்கோபற்றீரியம் மரினம் என்பதை நினைக்க வேணும். காசநோய்க் கிருமியின் குடும்பம், ஆனால் ஆளிலிருந்து ஆளுக்குத் தொற்றாது. இதற்குக் குளிர் பிடிக்கும், 30 பாகை அளவில்தான் நன்றாக வளரும். அதனால்தான் கை கால் நுனியோடு நிற்கிறது. வழக்கமான 37 பாகைப் பெட்டியில் வைத்தால் தட்டில் ஒன்றும் வராது, "கிருமி இல்லை" என்று அறிக்கை போய்விடும். துண்டில் "மீன் வியாபாரம்" என்று எழுதியிருந்தால் இன்னொரு தட்டைக் குறைந்த சூட்டில் வாரக்கணக்கில் வைத்துப் பார்ப்போம். ஒரு சொல் என்று மேலே சொன்னேனே, இதுதான்.

இனி மண். மாரி பெய்து வயலில் சேறு நிற்கிற ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் சேற்றில் வெறுங்காலோடு இறங்குகிறவர்களுக்கு மெலியொய்டோசிஸ் என்று ஒரு வருத்தம் வரலாம். மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் பர்க்கோல்டேரியா சூடோமல்லை என்ற கிருமி. 1911இல் ரங்கூனில் விட்மோர் என்ற டொக்டரும் அவரோடு வேலை செய்த கிருஷ்ணசுவாமியும் முதலில் கண்டுபிடித்தது. இலங்கையில் 1927இலேயே ஒருவருக்குப் பதிவாகி, பிறகு நெடுங்காலம் இங்கே இல்லை என்பது மாதிரி மறந்துபோய்விட்டார்கள். இப்போது தீவின் பல பகுதிகளிலும் அகப்படுகிறது. சுவாசப்பை, ஈரல், மண்ணீரல், தோல், மூட்டு என்று எங்கேயும் சிதல் கட்டும். காசநோய் மாதிரியும் தெரியும், சாதாரணச் சீழ்க்கட்டு மாதிரியும் தெரியும். வருகிறவர்களில் பெரும்பங்கு சீனி வருத்தக்காரர்கள். தட்டில் முதல் நாள் சின்னப் புள்ளி, சில நாள் போனால் உலர்ந்து சுருங்கின தோற்றம். கவனமில்லாத கண் "வெளியிலிருந்து விழுந்த கிருமி" என்று தள்ளிவிடும். ஜென்ரமைசினுக்குச் சாகாது, ஆனால் கோ-அமொக்ஸிகிளேவுக்குத் தட்டில் அடங்கும், அந்தச் சோடி தெரிந்தால் எங்களுக்குக் காது நிமிரும். சிகிச்சை நீளமானது: செப்ராசிடிம் அல்லது மெரொபெனம் நாளத்தில் குறைந்தது இரண்டு வாரம், மூட்டென்றால் இன்னும் கூட, அதற்குப் பிறகு கோ-ட்ரைமொக்ஸசோல் குளிசை மூன்று மாதம். நடுவில் விட்டால் திரும்பி வரும். அப்பா வேலி அடைத்தது மட்டும்தானா, அந்தக் கிழமை வயலிலோ வாய்க்காலிலோ இறங்கினாரா என்பதையும் கேட்டு வையுங்கள்.

மெதுவாக வருகிற இன்னொன்று நாரி நோ, அதாவது இடுப்பு நோ. எல்லா நாரி நோவும் இல்லை. மாதக்கணக்கில் கூடிக்கொண்டே போய், பின்னேரக் காய்ச்சல், இரவு வியர்வை, மெலிவு என்று சேர்ந்தால் முள்ளந்தண்டுக் காசநோயைப் பார்க்க வேணும். 1779இல் பேர்சிவல் பொட் என்ற ஆங்கில டொக்டர் எழுதியதால் அவர் பெயரில் வழங்குகிறது. முள்ளந்தண்டின் முன்பக்கத்தில் மேலிருந்து கீழ் வரை ஒரு நீண்ட நார் ஒட்டியிருக்கிறது. சிதல் அந்த நாருக்குக் கீழால் வழுகி, ஓர் எலும்பிலிருந்து நாலைந்து எலும்பு தள்ளிப் போய்க் கிளம்பும். மூட்டுச் சிதல் மாதிரிச் சூடும் சிவப்பும் காட்டாது. அதனால்தான் ஆட்கள் பெல்ட் கட்டிக்கொண்டு காலத்தைப் போக்குகிறார்கள்.

மூட்டும் நாரும் நோகிற எல்லாவற்றுக்கும் கிருமி உள்ளே இருக்கிறது என்றும் நினைக்க வேண்டாம். சிக்குன்குன்யா வைரஸ், அதற்கு அன்ரிபயோட்டிக் வேலை செய்யாது. பிள்ளைகளுக்குத் தொண்டை நோவுக்குப் பிறகு மூட்டு மூட்டாக மாறி மாறி வீங்குவது வாதக் காய்ச்சல். கிருமி தொண்டையோடு போய்விட்டது, உடம்பின் எதிர்ப்புத்தான் தவறிப்போய் மூட்டையும் இருதயத்தையும் அடிக்கிறது. வயிற்றோட்டம் மாறி சில வாரத்தில் குதிக்கால் நாண் எலும்பில் ஒட்டும் இடம் வீங்குவதும் அப்படித்தான்.

குதிக்கால் நாண் என்றதும் ஒரு மருந்தைச் சொல்லாமல் விட முடியாது. யாழ்ப்பாணத்தில் நெருப்புக்காய்ச்சல் (தைபொயிட்) பழைய சிநேகிதம். அதற்கும் சலக்கடுப்புக்கும் சிப்ரோபிளொக்ஸசின் வீடு வீடாகப் புழங்கின குளிசை. அந்தக் குடும்பத்து மருந்துகள் நாணைப் பலவீனமாக்கிச் சிலருக்கு அறுத்தே விடும் என்பதால், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2008இல் பெட்டியில் கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை அச்சிட வைத்தது. 60 வயது தாண்டினவர்கள், ஸ்டீரொயிட் சேர்த்து எடுப்பவர்களுக்கு ஆபத்துக் கூட. குளிசை தொடங்கின பிறகு குதிக்கால் நோகத் தொடங்கினால் அடுத்த குளிசையைப் போடாமல் அன்றைக்கே டொக்டரிடம் சொல்ல வேணும். கிருமிக்குக் கொடுத்த மருந்தே நாணைக் கெடுப்பது இதில் உள்ள வேடிக்கை. தேவையான இடத்தில் அது நல்ல மருந்துதான், பாமசியில் தானாகக் கேட்டு வாங்குகிற மருந்து இல்லை.

பத்துப் போடலாமா என்று கேட்டீர்கள். முறிவு நெரிவு வைத்தியத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். சுளுக்குக்கும் நெரிவுக்கும் அவர்கள் கட்டுகிற கட்டில் சுகப்பட்ட ஆட்கள் எங்கள் வீட்டிலும் உண்டு. ஆனால் சிதல் கட்டின விரலை உருவினால் சிதல் அடுத்த அறைக்குப் போகும். இறுக்கிக் கட்டினால் இருக்கிற இரத்த ஓட்டமும் நிற்கும். கைதேர்ந்த பரியாரி என்றால் சூட்டையும் சிவப்பையும் கண்டதும் அவரே "ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ" என்று அனுப்பிவிடுவார்.

இப்போது அப்பாவுக்குச் செய்ய வேண்டியது. அந்தக் கையில் மோதிரம் இருந்தால் இப்பவே கழற்றுங்கள், கழராவிட்டால் வாட்டில் சொல்லி வெட்டிவிடச் சொல்லுங்கள். கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைத்திருக்கட்டும். ஒப்பரேசன் வரை சாப்பாடு, தண்ணீர் எதுவும் டொக்டரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்; ஆசையில் தேத்தண்ணி கொடுத்தால் ஒப்பரேசன் பின்னுக்குப் போகும். கிளினிக் கொப்பியைக் கொண்டுபோங்கள், சீனிக் குளிசையை அன்றைக்குப் போடுவதா விடுவதா என்று கேளுங்கள். சில நாளைக்கு இன்சுலின் போடுவார்கள், "ஊசி தொடங்கினால் விட ஏலாது" என்று வாட்டில் பக்கத்துக் கட்டில்காரர் சொல்வதைக் கேட்டு மறுக்க வேண்டாம். சீனி ஏறி நின்றால் வெள்ளைக் கலங்கள் சரியாக வேலை செய்யாது, கழுவினதும் வீணாகும். ஏற்புவலி ஊசி கடைசியாக எப்போது போட்டது என்பதையும், பெனிசிலின் ஒவ்வாமை உண்டா என்பதையும் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

கழுவின பிறகு நாலைந்து நாளில் நோ குறைந்ததும் எல்லாரும் மறந்துபோகிறது உடற்பயிற்சி. நாணுக்கும் உறைக்கும் நடுவில் ஒட்டல் விழுந்தால் கிருமி போனாலும் விரல் மடங்காது, அப்படி நின்றுபோன விரல்கள்தான் இந்த வருத்தத்தில் அதிகம். பிசியோதெரபி ஆள் காட்டித் தருகிற மாதிரி, நோகுது என்று விடாமல், ஒவ்வொரு மூட்டையும் தனித்தனியே மடக்கி நிமிர்த்த வேணும். அப்பா தானாகச் செய்ய மாட்டார், பக்கத்தில் இருந்து செய்விக்க வேண்டியது நீங்கள். கல்ச்சர் அறிக்கை வர இரண்டு மூன்று நாள் செல்லும். வீட்டுக்குத் துண்டு வெட்டும்போது அறிக்கை வந்துவிட்டதா, கொடுத்த குளிசை அதற்குப் பொருந்துகிறதா என்று வாட்டில் கேட்டு, அதை கிளினிக் கொப்பியில் எழுதுவித்துக்கொண்டு வாருங்கள்.